இரண்டு கைரேடியோவும் இரண்டு அகராதியும்

இரண்டு கைரேடியோக்களும் மேசைமேல் கிடந்தன. ஆறு மணிக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் நூலகருக்குக் கழுத்துவலி வந்ததே தவிர முடிவு வரவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில், பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்குத் தேர்வு எழுதி உரிமமும் வாங்கியவர் அவர். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையின் கீழே உட்கார்ந்தே இருபத்தாறு வருடம் ஓட்டியாயிற்று. முகம் தெரியாத நாலு பேரோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் உரிமம் கைக்கு வந்து ஒரு மாதமாகியும் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கு நல்ல ரேடியோ அமைய வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. ஊர் ஹாம் சங்கத்துக்கு இரண்டு அலைவரிசைகள். கறுப்பு முதலாவதில் தெளிவு, பச்சை இரண்டாவதில் தெளிவு என்று கடைக்காரர் நன்றாகக் குழப்பிவிட்டு, “உங்களுக்காக மட்டும் சொல்றேன் சார், ரெண்டுமே அருமையான செட்டு” என்று இரண்டையும் தலையில் கட்டி அனுப்பியிருந்தார்.

மனைவி சம்மதித்தது ஒன்றுக்குத்தான். வீட்டில் இரண்டு இருப்பது அவளுக்குத் தெரியாது.

மணி மூன்று. மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நூலகர் கறுப்பு செட்டை எடுத்து முதல் அலைவரிசையில் வைத்தார். பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் யாராவது அழுத்தியே வைத்திருந்தால் செட் தானாகத் துண்டித்துவிடும். ‘வணக்கம்’ சொல்லவே தனக்கு மூன்று நிமிடம் ஆகிவிடுமே என்று பயந்து, அந்த ஏற்பாட்டை மட்டும் அவர் முன்ஜாக்கிரதையாக நிறுத்தி வைத்திருந்தார்.

முதல் அலைவரிசையில் சங்கத் தலைவர் தம் முதுகுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தலைவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் குளித்துவிட்டே வரலாம். சந்து கிடைக்குமா என்று நூலகர் காத்திருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பதறிப்போய் அலமாரியைத் திறந்தார். இரண்டு தடித்த அகராதிகளுக்கு நடுவே கறுப்பு செட்டைச் செருகி, விரல்கூட நுழையாதபடி இறுக்கி, முகப்பு வெளியே தெரிய வரிசையாக நிறுத்தினார். கை பழகிய வேலை. தலைவரின் குரல் பட்டென்று நின்றது. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு அதன்முன் காலண்டரைச் சாய்த்து வைத்தார்.

“யாரோ பேசற சத்தம் கேட்டுச்சே?” என்றபடி மனைவி காலி வாளியோடு வந்தாள்.

“பக்கத்து வீடு.”

“பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கே.”

நூலகர் சட்டென்று பச்சை செட்டைக் கையில் எடுத்தார். “இது பேசினதுதான். இதைத்தான் வாங்கப்போறேன்.”

“அப்படியா? எங்கே, பேசிக் காட்டுங்க பாப்போம்.”

மாட்டிக்கொண்டார். பச்சை செட் இரண்டாவது அலைவரிசையில் இருந்தது. பட்டனை அழுத்தி, தன் உரிம எண்ணைச் சொல்லி, “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார்.

பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். உஸ்ஸென்ற இரைச்சல்கூட இல்லை.

“ஜன்னல்கிட்ட போங்க” என்றாள் மனைவி.

போனார். இல்லை. ஸ்டூல்மேல் ஏறச் சொன்னாள். ஏறினார். ஆண்டெனா திரைச்சீலையில் மாட்ட, பிடித்து இழுக்க, திரைக்கம்பி கழன்று தலையில் விழுந்தது. ஒரு மணி நேரம் வீடு முழுக்க மூலைக்கு மூலை நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஈ காக்கைகூடப் பதில் சொல்லவில்லை.

நூலகர் மண்டையைத் தடவிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் வராத கோபம் வந்தது.

“அந்தக் கடைக்காரன் இருக்கானே, ‘உங்களுக்காக மட்டும்’னு ஊருக்கே சொல்ற ஆளு! தலைவர் அதுக்கு மேல. பட்டனை அழுத்தத் தெரியும், விடத் தெரியாது. அவர் முதுகுவலி சரியாயிடுச்சுன்னா சங்கத்தையே இழுத்து மூடிடலாம்!”

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “இவ்வளவு பேசுவீங்களா நீங்க?”

“என்ன பேசி என்ன? ஒருத்தர்கூடப் பதில் சொல்லலையே.” அவர் பச்சை செட்டைத் தரையில் வைத்தார். “லைப்ரரில பேசக் கூடாது. வீட்டுக்கு வந்தா பேச வரல. காத்துலயாவது யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன். என் குரல் யாருக்கும் வேணாம் போல.”

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “நான் இருக்கேன்ல? என்கிட்ட பேசுங்களேன்.”

அவர் பேசினார். அடைத்திருந்த குழாய் திறந்துகொண்டது போலப் பேசினார். பெண் பார்க்கப் போன அன்று அவள் கட்டியிருந்த புடவையின் நிறம்வரை சொன்னார். அன்றே நன்றாயிருக்கிறது என்று சொல்ல நினைத்து, இன்றுவரை சொல்லாமல் விட்டதையும் சொன்னார். மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விசும்பினாள். மணி ஐந்தாகிவிட்டது.

மனசு லேசானதில் உண்மையும் வெளியே வந்தது. “உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். இன்னொரு செட்டும் இருக்கு. அகராதிக்கு நடுவுல.”

அவள் முறைத்தாள். ஆனால் அது பழைய முறைப்பு இல்லை. அவர் கறுப்பு செட்டை உருவினார். கையில் பிடிக்க முடியாமல் சுட்டது. காலையில்தான் முழுசாகச் சார்ஜ் ஏற்றியிருந்தார். இப்போது பேட்டரி உயிரை விட்டிருந்தது.

“இது அதைவிட மோசம்” என்றார். “சும்மா வெச்சிருந்ததுக்கே இப்படிச் சுடுது. ரெண்டுமே வேணாம். திருப்பிக் குடுத்துடுவோம் வா.”

கடையில் சங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் கப்சிப் என்றாகிவிட்டது. தலைவர் எழுந்து தம் நாற்காலியை மனைவிக்குப் போட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டார். தலைவரே பேசவில்லையென்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நூலகர் முடிவு கட்டிவிட்டார். துக்க வீட்டில் நிற்பதுபோல் இரண்டு செட்டையும் மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“எனக்கு எதுவும் வேணாங்க. நான் பேசறது ஒருத்தர் காதுலயும் விழல.”

கடைக்காரர் கறுப்பு செட்டை மட்டும் எடுத்து, துடைத்து, மறுபடி அவர் கையிலேயே வைத்தார்.

“உங்களுக்காக மட்டும் இல்ல சார், ஊருக்கே சொல்றேன், அகராதிக்கு நடுவுல இருந்த இதையே எடுத்துக்குங்க, மூணு மணியிலேருந்து மேடம் மூக்கைத் துடைச்சதுகூட சங்கத்துல எல்லாருக்கும் அவ்வளவு தெளிவா கேட்டுச்சு.”