மாப்பிள்ளைக்கு வைக்காத மை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் சபையில் முதல் தடவையாகப் பேசினேன். அதை உலகமே கேட்டுவிட்டது.

அனுமந்தன்பட்டியில் என் தம்பி மகள் ஜெசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டேனியல், கென்யாக்காரர். கோயம்புத்தூரில் படித்து அங்கேயே ஜெசியோடு வேலை பார்க்கிறவர். தங்கமான பிள்ளை. மாதா கோயில் பூசை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தவர்களுக்கு ஆரத்தி எடுத்துத் திருஷ்டி மை வைப்பது அத்தைக்காரியான என் வேலை. (வேதக்காரர்களான எங்களுக்கும் கண்ணேறு உண்டு. சாமியாரிடம் மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.)

ஜெசி கன்னத்தில் வைத்தேன். மாப்பிள்ளையும் குனிந்து கன்னத்தைக் காட்டினார். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இவருக்கு எதுக்கு? வச்சாலும் தெரியாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் பேச்சுக்கு அவ்வளவு பேர் சிரித்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. நானும் பல்லைக் காட்டினேன். மாப்பிள்ளை மட்டும் மெல்ல நிமிர்ந்துகொண்டார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது அப்போது என் மண்டையில் இல்லை.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் நான் 'நிறவெறிக் கிழவி'. துபாயிலிருந்தெல்லாம் திட்டு வந்தது. எங்கள் மாதர் சபை வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கினார்கள். (நீக்கியவள், மருமகள் கறுப்பாக வாய்த்துவிட்டாளே என்று போன மாதம்தான் என்னிடம் மூக்கைச் சிந்தியவள்.)

தம்பி வந்தான்.

"அக்கா, நாளைக்கு உத்தமபாளையம் வரவேற்புக்கு நீ வர வேணாம். எல்லாரும் செல்போனோட வருவாக."

"ஜெசி சொன்னாளா?"

"அவ உன் பேரையே எடுக்கல."

தாயில்லாத பிள்ளை. என் கையால் உண்டு வளர்ந்தவள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

'நானே அடுப்புக்கரி நிறம், எனக்கு என்ன நிறவெறி?' என்று சுவரைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று உறைத்தது. என் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டோடு நின்ற நாத்தனார் என்னைப் பார்த்துச் சொன்னதும் இதே வார்த்தைதான். அன்றைக்கும் கூட்டம் சிரித்தது. இத்தனை வருடம் அதை நெஞ்சில் பத்திரமாக வைத்திருந்து, ஒரு சொல் மாறாமல் அந்தப் பிள்ளை மேல் துப்பியிருக்கிறேன்.

மறுநாள் மைச்சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஆத்தா, அந்த வீடியோல வர்றது நீங்கதானே?"

"ஆமா. உத்தமபாளையம் ஒண்ணு."

மண்டபத்தில் நுழைந்ததும் செல்போன்கள் உயர்ந்தன. மேடைப் படியில் தம்பி மறித்தான்.

"ஏலே, விலகு" என்றேன். அவனே பயந்துவிட்டான்.

ஜெசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் நான் விடவில்லை, மாப்பிள்ளை முன்னால் போய் நின்றேன்.

"மாப்ள, நான் சொன்னது தப்பு. என் கல்யாணத்துல எனக்கும் இதையேதான் சொன்னாக. எப்படி வலிக்கும்னு தெரிஞ்சவ நான். தெரிஞ்சும் சொல்லிட்டேன். என்னை மன்னிக்கணும்."

அவர் உடனே சிரித்துவிடவில்லை. "கஷ்டமா இருந்துச்சு அத்தை" என்றார். "நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்கள்ல, அதான் ரொம்ப."

சிமிழைத் திறந்து நீட்டினேன். அவர் விரலில் மையைத் தொட்டு என் கன்னத்தில் வைத்தார்.

"இப்ப ஊர்க் கண்ணெல்லாம் உங்க மேலதானே அத்தை!"

பிறகு குனிந்தார். இந்த முறை அவருக்கும் வைத்தேன். ஜெசி கிட்ட வந்து எங்கள் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்குமே தெரியல அத்தை" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மண்டபத்தில் எடுத்த வீடியோவை ஒருவரும் பரப்பவில்லை. (மன்னிப்புக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாதாம்.) ஆனால் நான் கடைக்குக் கிளம்பினால்கூடத் தம்பி விடுவதில்லை. "அக்கா, மை வச்சியா? வெளிய பூராம் செல்போனா இருக்கு" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மாப்பிள்ளை வருவார். எடுத்ததும் கன்னத்தைத் திரையில் ஒட்டிக் காட்டுவார்.

"தெரியுதா அத்தை?"

"தெரியல மாப்ள. நேர்ல வாங்க, வச்சு விடுறேன்."