ஒரு கட்டில், மூன்று வீடு

கட்டில் வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது.

தலைமாடு தெருவில், கானியோவின் தோளில். கால்மாடு வீட்டுக்குள், அவன் மச்சினன் தொனாத்தோவின் வயிற்றில். இருவருக்கும் நடுவே இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கானியோவின் மனைவி அசுந்தா நின்றாள்.

"இது என் கல்யாணக் கட்டில். ஒரு கீறல் விழட்டும், ரெண்டு பேரையும் இதுலயே கட்டிப் போட்டுடுவேன்."

"கீறல் விழாம எப்படிடி வெளிய வரும்? முதல்ல உள்ள எப்படி வந்துச்சு?"

"உங்கப்பா கட்டிலை வச்சுட்டு அப்புறம்தான் சுவரே எழுப்பினாரு."

கானியோ கட்டிலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிலச் சீர்திருத்த வாரியத்து இன்ஸ்பெக்டர் ஜிரார்தி இன்று முற்பகலில் கடைசித் தெருவைப் பார்வையிடுவார் என்று சைக்கிளில் வந்த சேவகன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கடைசித் தெருவில் இருந்தவை மூன்றே வீடுகள். முதல் வீடு கானியோவுடையது.

வீடு என்றால் மலைமேல் இருக்கும் இந்த வீடு அல்ல. கீழே சமவெளியில், பண்ணையாரின் கோதுமை நிலத்தைத் துண்டு போட்டு, நடுவில் வாரியம் புதிதாகக் கட்டிக்கொடுத்த போர்கோ சான் ரூபோ என்ற குடியிருப்பில் இருக்கும் வீடு. தெருக்கள் எல்லாம் நூல் பிடித்தது போல் நேராக ஓடும். வீடுகள் எல்லாம் வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழுவம், ஒரு அடுப்பு, பின்பக்கம் ஒரு ஜன்னல். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

வீட்டோடு நிலமும் கொடுத்தார்கள். கானியோ அதுவரை விடியற்காலையில் மலை ஊர்ச் சதுக்கத்தில் நின்று, மேஸ்திரி தன்னைப் பார்த்து விரலை ஆட்ட மாட்டானா என்று காத்திருந்த கூலிக்காரன். தன் பெயரில் நிலம் என்றதும், பத்திரம் வாங்கிய இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். நிபந்தனை ஒன்றுதான். குடும்பம் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் திரும்பிப் போய்விடும்.

பகலில் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் மலைக்கு ஏறிவிடுவார்கள்.

"அங்க ஜன்னலைத் தொறந்தா கோதுமை, மூடினா சுவரு" என்பாள் அசுந்தா. "பக்கத்து வீட்டுல தும்மினாக்கூடக் கேக்காது. ஒரு பொம்பளை யாரோடதான் சண்டை போடறது?"

கடைசியில் நிலையைப் பெயர்த்துத்தான் கட்டிலை வெளியே எடுத்தார்கள். கதவும் நிலையும் தெருவில் சாய்ந்து கிடந்தன. அசுந்தா தலையில் கை வைத்தாள்.

"சாயந்தரம் வந்து மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு, கானியோ கட்டிலைக் கழுதை வண்டியில் ஏற்றினான். கூடவே பூப்போர்வை, கொண்டைக்கடலை சூப் பானை, இரண்டு கோழிகள்.

பாதி இறக்கத்தில்தான் தொனாத்தோ மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, என் வீட்டுலயும் கட்டில் இல்லையே."

"உன் கட்டில் எங்கடா?"

"மாமியார் படுத்திருக்கு. இன்ஸ்பெக்டர் வராரு, எந்திரிங்கன்னு சொன்னேன். அவரை இங்க வரச் சொல்லுங்குது. பொண்டாட்டியும் அது கூடவே இருக்கா."

"சவீனோகிட்ட கேளு."

மூன்றாவது வீட்டுக்காரன் சவீனோ அவர்களுக்காகத் தெருமுனையிலேயே காத்திருந்தான். கல்யாணமாகாதவன். ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கொட்டாவி விடுவான்.

"கட்டிலா? நான் வைக்கோல்லதான் படுப்பேன். இன்ஸ்பெக்டர் வந்தா என்னத்தக் காட்டறதுன்னு உன்னைத்தான் நம்பியிருந்தேன்."

கானியோவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனான், அடுப்படிக்கு வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான். தன் நிலம் தப்பினால் போதும் என்று இருந்துவிடலாம். ஆனால் பக்கத்து வீடு காலி என்று தெரிந்தால் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் திரும்பி வருவார்.

"ஒரு கட்டில் போதும்" என்றான் கடைசியில். "முன்வாசல் வழியா அவர் கிளம்பணும். பின் ஜன்னல் வழியா கட்டில் கிளம்பணும்."

"சூப்பு?" என்றாள் அசுந்தா.

"சூப்பும்."

"கோழி?"

"எல்லாந்தான்டி!"

இன்ஸ்பெக்டர் ஜிரார்தி வடக்கிலிருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, தூசி படாத சப்பாத்து. கானியோவின் வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். கட்டிலைப் பார்த்தார். அடுப்பில் கொதிக்கும் சூப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ராத்திரி நல்லாத் தூக்கம் வருதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறோம் ஐயா."

"வராம இருக்குமா? இந்த அமைதி, இந்தக் காத்து! பட்டணத்துல காசு குடுத்தாலும் கிடைக்காது. நானே ஆபீஸ் மாடியில படுத்தா விடியறது தெரியாது."

அசுந்தா ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள். அவர் ரசித்துக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தார். கானியோ அவரை வாசலில் நிறுத்தி, எதிரே தெரிந்த நிலத்தைக் காட்டி, கோதுமையைப் பற்றியும் மழையைப் பற்றியும் மழை இல்லாததைப் பற்றியும் பேசினான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

"எலி ஐயா."

"இரும்பைக் கடிக்குதா?"

"இங்க எலிகூட நல்லா சாப்பிடுது ஐயா."

இரண்டாவது வீட்டில் தொனாத்தோ வேர்த்து விறுவிறுத்து நின்றான். கட்டில் போடப்பட்டிருந்தது. அடுப்பில் சூப். ஆனால் வீட்டுக்கு ஒரு பெண் வேண்டுமே என்பதை யாரும் யோசிக்கவில்லை. அசுந்தாதான் கடைசி நொடியில் முக்காட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

"இவங்க...?"

"என்..." தொனாத்தோ இழுத்தான். கூடப் பிறந்த அக்காவைப் பார்த்தான். "என் பொண்டாட்டி."

"பக்கத்து வீட்டுல பார்த்தேனே?"

"அது என் அக்கா" என்று முந்திக்கொண்டாள் அசுந்தா. "நாங்க இரட்டை. எல்லாரும் குழம்புவாங்க. என் புருஷனே சில நாள் குழம்பிடறாரு."

தொனாத்தோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"போர்வையும் அதே பூ."

"எங்கம்மா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் பின்னிக் குடுத்தாங்க."

"சூப்பும் அதே ருசி."

"வாரியம் குடுத்த கடலை ஒண்ணுதானே ஐயா."

இதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் உள்ளம் குளிர்ந்துபோனார். "இதுதான் நாங்க ஆசைப்பட்டது. எல்லா வீட்டுலயும் சமமா ஒரு வாழ்க்கை!"

கோழிகள் இதற்குள் பழகிவிட்டன. பின் ஜன்னல் திறந்த சத்தம் கேட்டதுமே தாமாகக் குதித்து மூன்றாவது வீட்டை நோக்கி ஓடின.

கட்டில்தான் பழகவில்லை. சவீனோவின் ஜன்னலில் பாதியில் நின்றுகொண்டது. முன்வாசல் பொறுப்பைத் தொனாத்தோவிடம் விட்டுவிட்டு ஓடிவந்த கானியோ, வெளியிலிருந்து முட்டித் தள்ளினான். கட்டில் ஒரே பாய்ச்சலாக உள்ளே விழுந்தது. பின்னாலேயே அவனும் விழுந்தான். எழுந்திருப்பதற்குள் வாசலில் தொப்பி தெரிந்தது. ஓட வழியில்லை. போர்வையை இழுத்து முகம் வரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

"இவர் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சவீனோ கொட்டாவியைப் பாதியில் விழுங்கினான். "அண்ணன் ஐயா. உடம்பு சரியில்ல."

"முகத்தை ஏன் மூடியிருக்காரு?"

"வெளிச்சம் ஆகாது ஐயா."

இன்ஸ்பெக்டர் இரக்கமுள்ளவர். போர்வைக்குள் கையை விட்டு நெற்றியைத் தொட்டார். காலையிலிருந்து கட்டில் சுமந்து ஓடிய நெற்றி அது.

"கடவுளே, நெருப்பாக் கொதிக்குது! வேர்வை ஆறா ஓடுது! இவரைத் தனியா விடவே கூடாது. ராத்திரி யாராவது பக்கத்துல இருந்துதான் ஆகணும்."

"நாங்க எல்லாரும் இங்கதானே ஐயா இருக்கோம்" என்றான் சவீனோ. இன்ஸ்பெக்டரிடம் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அதுதான் கெடுத்தது.

"நல்லது. நானும் ராத்திரி ஒரு தடவை வந்து பார்க்குறேன். எனக்கு என்ன, நாலு எட்டு நடந்தா வந்துடுவேன்."

அவர் போனதும் கானியோ போர்வையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"உன் வாயில மண்ணு விழ! ராத்திரி வராராம்! இப்ப எல்லாரும் இங்கேயே படுத்தாகணும்."

"நான் மாட்டேன்" என்றாள் அசுந்தா. "மேல வீடு கதவில்லாம தொறந்து கிடக்கு. யார் பெயர்த்தது? நீங்க பெயர்த்தது. நான் போய் அங்க காவலுக்குப் படுக்கறேன்."

"வண்டியில போ, சீக்கிரம் போயிடலாம்."

வண்டி இருந்தது. கழுதை இல்லை. கட்டிப்போட எல்லாரும் மறந்திருந்தார்கள். புதுத் தொழுவத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அது பழைய வீட்டுக்கே போய்விட்டிருந்தது. அசுந்தா புருஷனைத் திட்டிக்கொண்டே நடந்தாள். அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று தொனாத்தோ கூடப் போனான். தனக்கு இருட்டு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டுச் சவீனோவும் அவர்கள் பின்னால் நடந்தான்.

கானியோ அடுத்தவன் வீட்டில், தன் கட்டிலில், இல்லாத காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தான்.

பொழுது சாய்ந்தது. அத்தனை அமைதியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. கோதுமை அசையும் சத்தம்கூட யாரோ காதுக்குள் முணுமுணுப்பது போல் இருந்தது. எழுந்து உட்கார்ந்தான். படுத்தான். புரண்டான். பக்கத்து வீட்டில் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவது போல் தோன்றியது. போய்ப் பார்த்தால் காற்று. தன் வீட்டில் விளக்கேற்றினான். தொனாத்தோவின் வீட்டில் விளக்கேற்றினான். மூன்று வீட்டிலும் ஆள் இருப்பது போல் மாறி மாறி இருமினான். நிஜமாகவே தொண்டை வலி வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வந்தால் ஒரு பொய்யோடு போய்விடும். வராவிட்டால் எங்கே இருக்கிறார்? எந்த ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

பொறுக்க முடியாமல் குடியிருப்பின் சதுக்கத்துக்கு ஓடினான். காய்ச்சல் விட்டுவிட்டது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாரிய அலுவலகத்தின் மாடிக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. பலமாகத் தட்டினான். எதிரே இருந்த மாதா கோயில் சுவர் மட்டும் திருப்பித் தட்டியது.

'ஐயோ, வேற தெரு வழியா அங்க போயிட்டாரு!'

திரும்ப ஓடினான். சவீனோவின் வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. காய்ச்சல்காரன் இல்லாத காலிக் கட்டிலை அவர் பார்த்திருப்பார். ஆள் இல்லாத மூன்று வீட்டிலும் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பார். நிலம் போயிற்று. இனி பழையபடி சதுக்கத்தில் நின்று மேஸ்திரியின் விரலைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரே வழி, மலைக்குப் போய் எல்லாரையும் எழுப்பி அழைத்துவருவது. அதே சமயத்தில் சதுக்கத்துப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மலையடிவாரம் வழியாகப் பட்டணம் போகும் கடைசி பஸ். கழுதை இருந்த வரையில் அவன் அதில் ஏறியதே இல்லை. மூச்சிரைக்க ஓடி, நகரத் தொடங்கிய பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டான்.

உள்ளே ஒரே ஒரு பயணி. மடியில் பை. தலையில் தொப்பி.

இன்ஸ்பெக்டர் ஜிரார்தி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உறைந்துபோனார்கள். கானியோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பட்டணத்துக்கு, மேலிடத்தில் சொல்ல, இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார். அவன் பஸ்ஸின் நடுவிலேயே மண்டியிட்டான்.

"ஐயா, சொல்லிடாதீங்க ஐயா! கட்டில் ஒண்ணுதான் ஐயா. கோழியும் அதே கோழிதான், சூப்பும் அதே சூப்புதான். காய்ச்சல்காரன் நான்தான். அது இரட்டை இல்ல, என் பொண்டாட்டிதான் ரெண்டு வீட்டுலயும். எங்க தெருவுல ஒருத்தர்கூட அங்க படுக்கறதில்ல ஐயா. நிலத்தை மட்டும் எடுத்துடாதீங்க. நாளையிலேருந்து சத்தியமா அங்கேயே செத்துக் கிடக்கறோம்!"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்திருந்தது. தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாத ஜன்னலில் எதையோ கூர்ந்து பார்த்தார்.

அதற்குள் கண்டக்டர் பின்னாலிருந்து வந்தான். மண்டியிட்டிருந்தவனைச் சுற்றிக்கொண்டு போய், இன்ஸ்பெக்டரிடம் எங்கே என்று கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, அவர் காதருகே குனிந்து மரியாதையாகச் சொன்னான்:

"கவலைப்படாதீங்க ஐயா, தினமும் விடற மாதிரியே நாளைக்கும் விடிகாலையில ஊர் முழிக்கறதுக்கு முன்னால உங்களைக் கொண்டாந்து விட்டுடறோம்."