கூண்டு இல்லாத பேக்கேஜ்

“மாஸ்டர், சுறாவோட போட்டோ வேணுமா, வேண்டாமா? அதுக்குத் தனி ரேட்டு.”

கேட்டவள் கையில் ஸ்டீயரிங் இருந்தது. கண் மட்டும் பக்கத்து இருக்கையில் இருந்தவரின் முகத்தில் இருந்தது. எதிரே ஒரு குப்பை லாரி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் வலது காலை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாஸ்டரின் உயிர் இத்தனை வருஷமாக அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தி அழுத்திப் பழகிய கால், வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அடங்காது. பஸ்ஸில் போனால் முன் சீட்டை மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கதாநாயகன் வேகமாகப் போனால் டீப்பாயை உதைக்கும். இரண்டாவது பிரேக் இல்லாத எந்தக் காரியத்திலும் மாஸ்டர் இறங்கியதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சுறாவோடு என்ன பேச்சு என்று கேட்டால், எல்லாம் சகலையால் வந்த வினை.

சகலை டைல்ஸ் கடை வைத்திருந்தான். மனைவியின் தங்கை புருஷன். வயதில் சின்னவன், வாயில் பெரியவன். மாஸ்டரை “பிரேக் அண்ணே” என்றுதான் கூப்பிடுவான். போன மாதம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அண்ணன் தூங்கும்போதும் கால் பிரேக்கில்தான் இருக்கும், சந்தேகமிருந்தால் அக்காவையே கேளுங்கள் என்று ஒரு போடு போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அது பழக்கம்தான். ஆனால் மனைவியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதுதான் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் சிரித்தால் காதில் வாங்காமல் போய்விடலாம், பெண்டாட்டி சிரித்தால் எங்கே போவது?

சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சுறா பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பியது.

“அடுத்த மாசம் நானும் இவளும் கடலுக்கு அடியில போய்ச் சுறா பார்க்கப் போறோம்” என்றார் மாஸ்டர். “ரிசார்ட்ல ரூம் போட்டு.”

மேஜையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ‘உங்களுக்கென்ன பைத்தியமா’ என்று மனைவி ஒரு வார்த்தை சொல்வாள், மானமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும் என்று மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். “போலாமே” என்றாள்.

இப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

நல்லவேளையாக, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவள் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தாள். அவள் எப்போது சேர்ந்தாள் என்பது மாஸ்டருக்கே மறந்துவிட்டது. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் லைசென்ஸ் வாங்கி, சொந்த வண்டி வாங்கி, இரண்டொருவர் அதை இடித்தும் விட்டார்கள். இவள் இன்னும் இரண்டாவது கியரில் இருந்தாள். அவளிடம் சுறா பார்க்க என்ன செலவாகும் என்று விசாரித்தார். அவள் சொன்ன தொகைக்கு டிரைவிங் ஸ்கூலையே விற்றாலும் ஒருவர்தான் போகலாம், திரும்பி வர முடியாது.

மாஸ்டருக்கு நிம்மதி. வசதி இல்லை என்று கௌரவமாகச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் அளந்துதான் பேசுவாள். சல்லிசான இடங்களாக நாலைந்தின் போன் நம்பர் மட்டும் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“விலை ரொம்பக் கம்மி. பாத்ரூமும் சுத்தமா இருக்குமாம், கேட்டுட்டேன்” என்றாள்.

புருஷன் சுறா வாய்க்குள் போகப்போகிறான், இவளுக்குப் பாத்ரூம் கவலை என்று மாஸ்டர் உள்ளுக்குள் பொருமினார். ஆனால் விலையை இரண்டு முறை பார்த்தார். அந்த விலைக்குப் பக்கத்துத் தெருவில் லாட்ஜ்கூடக் கிடைக்காது.

ஒரு நிபந்தனை இருந்தது. நாலு பேராகப் போனால்தான் அந்த விலை. மாஸ்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தெரிந்தவர்களில் யாருக்கும் லீவு இருக்காது, பேக்கேஜ் தானாக விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஒப்புக்கு ஒருமுறை கேட்டுவைப்போம் என்று சகலைக்குப் போன் செய்தார். சகலை கடையைப் பூட்டிவிட்டுப் பெண்டாட்டியோடு வருவதாகச் சொன்னான். பிரேக் அண்ணன் தண்ணீரில் குதிப்பதை வீடியோ எடுக்க எதை வேண்டுமானாலும் பூட்டுவானாம்.

ஆக, யார் முன்னால் மானம் போகக்கூடாதோ அவனைச் சலுகை விலையில் தானே அழைத்தாயிற்று.

அடுத்து நீச்சல் சான்றிதழ் கேட்டார்கள். மாஸ்டர் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் அவர் இடுப்புயரம்தான் இருந்தார்கள். கழுத்தில் விசில் மாட்டிய பயிற்சியாளர் காலை உதைக்கச் சொன்னாள். மாஸ்டரின் இடது கால் உதைத்தது. வலது கால் பழக்கதோஷத்தில் விறைப்பாக நீண்டு பிரேக்கைத் தேடியது. அதனால் அவர் எந்தப் பக்கமும் போகாமல் ஒரே இடத்தில் வட்டமடித்தார். குழந்தைகள் கரையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். சில வாரங்களுக்குப் பிறகு பயிற்சியாளர் மனசாட்சிக்கு விரோதமில்லாமல், ‘இவர் மிதக்கிறார்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரிசார்ட்டுக்கு அதுவே போதுமாம்.

கேன்சல் செய்யலாமா என்று டிராவல்ஸ்காரியிடம் நைசாக விசாரித்தார். செய்தால் ஒரு பைசா திரும்ப வராது, தேதியை வேண்டுமானால் மாற்றலாம் என்றாள். சரி, தள்ளிப்போட்டால் அதற்குள் புயல் வரும், சகலைக்கு வயிற்றுப்போக்கு வரும், ஏதாவது ஒரு நல்லது நடக்கும் என்று தேதியை மாற்றச் சொன்னார். அவள் அன்று வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஸ்கூல் கேட்டை இடித்திருந்தாள். வழக்கமாக என்றால் மாஸ்டர் ஒரு வாரத்துக்குத் திட்டுவார். அன்றைக்கு, கேட் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது என்றார்.

மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

“மாஸ்டர், தேதியும் மாத்தியாச்சு, சலுகையும் வாங்கிட்டேன். கூண்டு இல்லாத பேக்கேஜ்.”

“கூண்டு இல்லைன்னா?”

“மத்த இடத்துல எல்லாம் ஆளைக் கம்பிக் கூண்டுக்குள்ள வெச்சு எறக்குவாங்க. உங்களுக்கு அது கிடையாது. நீங்களும் சுறாவும் நேருக்கு நேர். அதே விலைதான், மாஸ்டர்.”

அவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். வண்டி அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

வீட்டில் போய் இதைச் சொன்னார். மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கூண்டு இல்லாததும் ஒருவிதத்தில் நல்லதுதான், உள்ளே காற்றோட்டமாக இருக்கும் என்றாள். இத்தனை வருஷம் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று மாஸ்டர் அசந்துபோனார்.

புயல் வரவில்லை. சகலை குண்டுக்கல்லாக வந்து சேர்ந்தான்.

ரிசார்ட் என்பது ஆறு அறைகளும் ஒரு தென்னை மரமும். அறையில் இருந்து கடல் தெரியும் என்று போட்டிருந்தது பொய்யில்லை. பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினால் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மொத்த ரிசார்ட்டுக்கும் ஒரே ஆள்தான். ஒரு தொப்பி போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தான், இன்னொன்று போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினான், தொப்பியைக் கழற்றிவிட்டு ஆம்லெட் போட்டான். போன் அடித்தால் அவன்தான் ஓடிப்போய் எடுத்தான். மறுநாள் காலை ரப்பர் உடையில் வந்து நின்று, நான்தான் உங்கள் டைவிங் கைடு என்று தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொண்டான்.

படகில் போகும்போது மாஸ்டர் ஒன்றைத் தீர்மானித்தார். பயம் போகப்போவதில்லை, அது கூடப் பிறந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இவள் கண்ணுக்கு எதிரே பின்வாங்கக் கூடாது. சுறா தின்றாலும் சரி, அதன் பிறகு இவள் அந்த மேஜையில் உட்கார்ந்து சிரிக்க மாட்டாள் அல்லவா?

முதலில் சகலையும் மச்சினியும் கைடோடு இறங்கினார்கள். சற்று நேரத்தில் மேலே வந்தார்கள். சகலையின் முகம் வெளுத்திருந்தது. கேட்பதற்கு முன்பே மூன்று விரலைக் காட்டினான்.

“மூணு, அண்ணே. ஒவ்வொண்ணும் நம்ம படகு சைஸ். ஒண்ணு என்னை மோந்து பார்த்துட்டுப் போச்சு.”

மச்சினி தான் நாலு பார்த்ததாகச் சொன்னாள். வீடியோ எடுத்தாயா என்று மனைவி கேட்டாள். அந்த நேரம் பார்த்து கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டதாம்.

மாஸ்டரின் முதுகில் கைடு சிலிண்டரைக் கட்டினான். காலில் மாட்டிய துடுப்பு, ஒருவேளை சுறாவே அதைப் பார்த்துப் பயப்படுமோ என்னும் அளவுக்கு இருந்தது. ஏணியின் முதல் படியில் கால் வைத்தபோது கண்ணை மூடினார். அதோடு சரி. கைடுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும், மணலில் காலூன்றி நின்றதும், எல்லாமே இருட்டில்தான். ஒரு கையில் கயிறு, மறு கையில் மனைவியின் கை. வலது கால் கடலின் அடித்தரையை மிதி மிதி என்று மிதித்தது. மனசுக்குள் போக்குவரத்துக் குறியீடுகளை வரிசையாக ஒப்பித்தார். நுழையாதே. நிறுத்தாதே. ஒலி எழுப்பாதே. எதிரில் குறுகிய பாலம். நடுவில் ஒருமுறை எதுவோ இடித்தது. அது மனைவியின் தோளா, மற்றதின் மூக்கா என்று பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மேலே வந்து படகில் விழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் திறந்தால் சகலையின் முகம் எதிரே இருந்தது.

“என்ன அண்ணே, பார்த்தீங்களா?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? எத்தனை என்று சொல்வது? அசடு வழியத் தொடங்கிய அந்த நொடியில் பக்கத்தில் மனைவியின் குரல் கேட்டது.

“நல்லாப் பார்த்தாரே. அது நேரா என் மேலதான் வந்துச்சு. இவர் என்னைப் பின்னாடி தள்ளிட்டுக் குறுக்கப் போய் நின்னுட்டார். அது இவரையே பார்த்துச்சு, இவர் அதையே பார்த்தார். அப்புறம் அதுவே திரும்பிப் போயிடுச்சு.”

மாஸ்டருக்கே தலை சுற்றியது. அப்படியா செய்தோம்? செய்திருக்கலாம். ஏதோ இடித்ததே, அதுதானோ? கண்ணை மூடிக்கொண்டே சுறாவை மிரட்டியிருக்கிறோம் என்றால், திறந்திருந்தால் அதன் கதி என்ன? யோசிக்க யோசிக்க நெஞ்சு நிமிர்ந்தது. மச்சினி கையெடுத்துக் கும்பிடாத குறை. சகலை கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டை எடுத்து மாஸ்டரின் தோளில் போர்த்தினான்.

“துவட்டிக்கங்க, அண்ணே” என்றான். முன்னால் பிரேக் சேர்க்கவில்லை.

மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள். இது வேறு சிரிப்பு. இதற்காக இன்னும் நாலு சுறாவுக்கு முன்னால் நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கரைக்கு வந்ததும் பெண்கள் இருவரும் அறைக்குப் போனார்கள். சகலை ஈரக் கேமராவோடு அவர்கள் பின்னால் போனான். கைடு தென்னை மரத்தடியில் ரப்பர் உடைகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். மாஸ்டர் துண்டைப் போர்த்தியபடியே அவனிடம் போனார். ஊரில் சொல்லும்போது விவரமாகச் சொல்ல வேண்டுமே.

“ஏம்ப்பா, நான் குறுக்க நின்னேனே, அது என்ன வகைச் சுறா?”

கைடு குழாயை மூடினான். சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“இந்தப் பக்கம் சுறாவே கிடையாதுங்க, சார். ‘எங்க வீட்டுக்காரர் பயந்துடுவார், நிச்சயமாக் கிடையாதே?’ன்னு அம்மா போன்ல என்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தானே இங்க ரூமே போட்டாங்க.”