சோடா அண்ணாச்சியின் நீண்ட ஜெபம்

தென்காசியில் தன் குற்றத்தை ஊரார் வாயால் கேட்பதற்கு உபசாரம் செய்த ஒரே மனிதர் சோடா அண்ணாச்சிதான். மற்றவர்களிடம் குற்றம் சொன்னால் உதை கிடைக்கும். இவரிடம் சொன்னால் கோலி சோடா கிடைக்கும்.

என் முப்பது வயதுகளில் நான் அங்கே பத்திரிகை நிருபர். தாகம் எடுத்தால் அவர் சோடாக் கடைக்குப் போவேன். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"கடிஞ்சுகொள்ளுதவன நேசிக்கணும்னு வேதம் சொல்லுது. சொல்லும்வே, எங்கிட்ட என்ன குறை?"

வடகரையிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் வண்டிக்காரர் ஒருநாள் அவரை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி, எடப்பக்க மீச கொஞ்சம் தூக்கலா இருக்கு. பெரும தெரியுது."

மறுநாள் மீசை இல்லை. வண்டிக்காரர் அடுத்த வாரமும் வந்தார். "மீச போனபொறவு வெளக்கெண்ண குடிச்ச மொகமால்லா இருக்கு அண்ணாச்சி!" அதற்கும் ஒரு சோடா. மீசை மறுபடி முளைத்தது.

இப்படியெல்லாம் திருந்தியும் அவருடைய அசல் குறை அப்படியே இருந்தது. அது அவர் ஜெபம். சபையில் மூத்தவர் என்பதால் விசேஷங்களில் ஜெபிப்பது அவர் பொறுப்பு. ஏதேன் தோட்டத்தில் தொடங்குவார். வெகுநேரம் கழித்து நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், நோவா அப்போதுதான் பேழைக்கு மரம் வெட்டிக்கொண்டிருப்பார். ராயகிரி வயல்களுக்கு மழை கேட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். யாரும் வாய் திறந்ததில்லை. கடவுளோடு பேசுகிறவரை யார் குறை சொல்வது?

அந்த ஆண்டு சபையின் அசனம் சாரல் காலத்தில் வந்தது. அசனம் என்றால் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து. சபைக் கோயிலுக்குப் பின்னால் வெட்டவெளியில் இலை போட்டு, சோறும் கறியும் பரிமாறியாயிற்று. 'ஆமென்' சொல்லாமல் எவரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஏழைகள் வெறும் வயிற்றோடு நடந்து வந்திருந்தார்கள்.

அண்ணாச்சி கண்களை மூடினார். குற்றால மலையிலிருந்து கறுத்த மேகம் புறப்பட்டது. அவர் ஆபிரகாமைத் தாண்டியபோது மேகம் பாதி வழி வந்துவிட்டது. மோசே செங்கடலை நெருங்குகையில் குளிர்ந்த காற்றில் இலைகளின் ஓரம் படபடத்தது.

"ஏங்க, போதும்!"

சோற்றுக் கூடையருகே நின்ற அவர் மனைவிதான். சபை நடுவே அந்த அக்கா குரல் எழும்பி யாரும் கேட்டதில்லை. போதகர் தம் செருப்பைப் பார்த்தார்.

அண்ணாச்சி கண் திறந்தார். முகம் கறுத்திருந்தது. "என்னட்டி சொன்ன?"

"பசிச்சவங்க சோத்த ஆறப் போட்டுட்டு நீங்க ஆண்டவர்கிட்ட பேசலங்க. எங்களுக்கு உங்க பேச்சக் காட்டுதிய."

கடையில் வைத்து மீசையைக் கொடுப்பது சுலபம். இது ஊர் முன்னால், பெண்டாட்டி வாயிலிருந்து. அவர் விருட்டென்று போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மறுபடி கண்களை மூடினார்.

"ஆண்டவரே, அவ சொல்லுதது நெசம். மன்னியும். ஆமென்."

கூட்டம் சொன்ன ஆமெனில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அதன் பிறகு பேச்சே இல்லை, சாப்பாடுதான். மழை வந்து சேர்ந்தபோது அது நனைப்பதற்கு வெறும் இலைகளே மிச்சம்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத் தாழ்வாரத்தில் இலை போட்டு உட்கார்ந்த அண்ணாச்சி, பக்கத்து இலையில் இருந்த மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏட்டி, இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"வார போறவங்ககிட்டல்லாம் கேட்டிய. எங்கிட்ட எப்பக் கேட்டிய?"

அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி, இப்பக் கேக்கேன். இன்னும் உண்டுமா?"

"நெறைய உண்டு. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தம் இலையிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, அவள் இலையில் வைத்தார்.

யார் யாரோ ஜெயித்ததை எழுதிப் பிழைத்தவன் நான். தோற்றுவிட்டு அப்படி மலர்ந்த அந்த முகத்தைச் சரியாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.