வாலடி எலும்பு எனக்கு வேண்டாம்

கொச்கோர்
சனிக்கிழமை, மாடு கறந்த பிறகு

என் மரியாதைக்குரிய ஊல்கான் அக்காவுக்கு, உங்கள் கடைக்குட்டி ஓரகத்தி அனார்கான் நெஞ்சில் கை வைத்து எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமா, மகள் சுகமா, மருமகன் சுகமா, பிஷ்கேக்கில் ஏழாவது மாடி ஏறி இறங்கும் உங்கள் முழங்கால் சுகமா? இங்கே ஆடுமாடும் ஆட்களும் சுகம். பசு மட்டும் கோபமாக இருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் பேசினால் உங்கள் மகள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் இருமினால்கூட ஏழு மாடிக்கும் கேட்கிறது. அதனால் மினிபஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிறு விருந்தில், நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, உங்களுக்கு உரிய வாலடி எலும்பை நான் தட்டிப் பறித்துக்கொண்டேன் என்று யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள். சுத்தப் பொய். நம் வீட்டுப் பெண்களில் மூத்தவருக்குத்தான் அந்த எலும்பு என்பது எனக்குத் தெரியாதா? உங்களுக்கு எழுபத்தொன்பது. உங்களுக்கு அடுத்து சாகின்பூபு அக்காவுக்கு எழுபத்து நான்கு. இந்த ஐம்பத்தாறு வயதில் வரிசையில் நான் ஐந்தாவது. எனக்கு உரியது தோள்பட்டை எலும்பு. கல்யாணமாகி வந்த புதிதில் விலா எலும்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏறி, முப்பத்து மூன்று வருஷத்தில் தோள்பட்டைக்கு வந்திருக்கிறேன். குறுக்கு வழியில் மேலே போக எனக்கு ஆசை இல்லை. எப்படி அந்த எலும்பு என் முன்னால் வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து சந்தை வாசலில் நிறுத்தி, ஐம்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் வந்து மார்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நர்ஸ் மூன்று தடவை வந்து கூப்பிட்டாள், போனேன். இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து அமுக்கினார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், வெளியே வந்து தேநீர் குடித்தேன், மறந்தே போனேன். ஒன்பதாம் நாள் நாரின் பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் பெண் ஃபோன் செய்தாள்.

"மார்புல ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கு. ஆனா இடது அக்குள்ல ரெண்டு இடத்துல நெறி கட்டியிருக்கு. வந்து ஸ்கேன் எடுத்துக்குங்க."

அக்கா, யாரிடம் வந்து நெறிகட்டியைப் பற்றிப் பேசுகிறாள் பாருங்கள். இருபத்தெட்டு வருஷமாகச் சந்தையில் இறைச்சிப் பரிசோதகராக இருப்பவள் நான். விடிந்தால் ஆட்டின் தாடையடியிலும் தொடையிடுக்கிலும் அந்த நெறிகட்டிகளைத் தேடிப் பிடித்து, கீறிப் பார்த்து, நல்லதாக இருந்தால் ஊதா மையில் முத்திரை குத்துவதுதானே என் பிழைப்பு.

"எவ்வளவு பெரிசு?" என்றேன்.

"ரெண்டரை சென்டிமீட்டர்."

"அவரை விதை மாதிரியா, உருண்டையா? தொட்டா நகருதா, ஒட்டிக்கிட்டு இருக்கா?"

"அம்மா, நீங்க டாக்டரா?"

"ஆட்டுக்கு" என்றேன்.

நாரின் போனேன். என் மருமகள் சல்தானத் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. அக்குளில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டே, காய்ச்சல் வந்ததா, பூனை கீறியதா, ஊசி ஏதும் போட்டீர்களா, கையில் வெட்டுக்காயம் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் என் கத்தி என் விரலைத் தொட்டதே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது இடது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தேன். அந்த அறை குளிர், வேறொன்றுமில்லை.

"ஊசி வெச்சு கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடலாம்மா" என்றாள்.

"எதுக்கு? நூறு நெறிகட்டியில தொண்ணூறு சும்மா வீங்கினதாத்தான் இருக்கும். எத்தனை ஆயிரம் பார்த்திருக்கேன்."

"இருக்கலாம்மா. ஆனா நீங்க பார்க்கும்போது அந்த ஆடு எதுவும் உயிரோட இல்லயே."

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக எனக்குப் பதில் வரவில்லை. வரும் வழி முழுக்க மினிபஸ்ஸில் யோசித்தும் வரவில்லை. மறுநாள் காலை சந்தைக்குப் போனேன், கோட்டைக் கழற்றினேன், இடது கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே நானே முத்திரையை ஓங்கிக் குத்திக்கொண்டேன். "பரிசோதிக்கப்பட்டது. உண்ணத் தகுந்தது. கொச்கோர் சந்தை." அதுதான் என் பதில்.

விஷயத்தை என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தனார் முகாஷிடம் மட்டும் சொன்னேன், ரொட்டி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு. அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு நடந்த கொடுமைகளைக் கேளுங்கள். சல்தானத் என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தை, நீங்க உட்காருங்க" என்கிறாள். எழுந்தால், "படுங்க" என்கிறாள். உங்கள் கொழுந்தனார், கல்யாணமான நாளிலிருந்து பசுவில் அதன் பின்பக்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர், பால் கறக்கப் போனார். பசு ஒரே உதை. வாளி ஒரு பக்கம், அவர் தொப்பி ஒரு பக்கம். அன்றிலிருந்து அது என்னிடமும் முகம் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஜாடி கரடிக் கொழுப்பு கொண்டுவந்து, தினம் ஒரு கரண்டி விழுங்கச் சொல்லிவிட்டுப் போனாள். கதவிடுக்கில் அதைத் தடவினேன். இப்போது கதவு சத்தமே போடுவதில்லை.

எல்லாவற்றையும்விட அந்தக் கசாப்புக்காரன் டோகோன் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பதினாறு வருஷமாக நான் அவன் ஆட்டைத் தள்ளிவைக்கும்போதெல்லாம் என் கண், என் கத்தி, என் பரம்பரை ஒன்றையும் விடாமல் திட்டுகிறவன். விருந்துக்கு முந்தைய செவ்வாயன்று ஈரலில் புழு என்று ஒரு ஆட்டைத் தள்ளினேன். கைகட்டி நின்று, "நீங்க சொன்னா சரிதாங்கா. உடம்பைப் பார்த்துக்குங்க" என்றான். ஆடு நனையுதே என்று ஓநாய் அழுததாம்.

"டேய், திட்டுடா" என்றேன்.

"எப்படிங்கா மனசு வரும்?"

"இப்ப நீ திட்டலேன்னா உன் இன்னொரு ஆட்டையும் தள்ளிடுவேன்."

பாவம், தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ முயற்சி செய்தான். திட்டில் உப்பே இல்லை.

இந்த நிலையில்தான் ஞாயிறு வந்தது. மைத்துனர் பேரன் நடக்க ஆரம்பித்ததற்குக் கால்கட்டு வெட்டும் விருந்து. குழந்தை காலில் கட்டிய நூலை வெட்டினார்கள், அது இரண்டடி வைத்து விழுந்தது, எல்லாரும் கை தட்டினோம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கறித்தட்டு வந்தது. பெண்கள் வரிசையில் எலும்புகளை வைத்துக்கொண்டே வந்த பையன் சாகின்பூபு அக்காவைத் தாண்டினான், இன்னும் இரண்டு பேரைத் தாண்டினான், வந்து வாலடி எலும்பை என் முன்னால் வைத்தான். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியும் அக்கா, சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தில் வருமே, அது.

"தப்பா வெச்சுட்டே" என்றேன்.

"இல்லம்மா, பெரியவங்க எல்லாரும் பேசித்தான்..." என்று இழுத்தான்.

சாகின்பூபு அக்கா என் கையைத் தடவி, "சாப்பிடும்மா. நாங்கெல்லாம் எத்தனையோ தரம் சாப்பிட்டாச்சு. உனக்கு இனிமே எப்போ..." என்று சொல்லி, மிச்சத்தை முழுங்கிவிட்டாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில். உங்கள் கொழுந்தனார் என் பாவாடையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து நின்றேன். "இன்னிக்கு வெட்டின இந்த ஆட்டை விடியக்காலம் பார்த்துப் பாஸ் போட்டவ நான். எது தேறும், எது தேறாதுன்னு உங்க எல்லாரையும்விட எனக்குத் தெரியும். இந்த எலும்பு ஊல்கான் அக்காவோடது. அவங்க இல்லேன்னா சாகின்பூபு அக்காவோடது. என் முறை வர இன்னும் இருபது வருஷம் இருக்கு. வந்து வாங்கிக்கிறேன். இப்ப என் தோள்பட்டையக் குடுங்க" என்றேன். கொடுத்தார்கள். துளி சதை விடாமல் சுரண்டித் தின்று, வெறும் பலகையாக்கி வைத்தேன். உங்கள் எலும்பு தட்டோடு திரும்பிப் போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான்.

புதனன்று நாரின் போய் அந்தச் சதை எடுக்கும் ஊசியும் போட்டுக்கொண்டேன். "கையைத் தூக்குங்கம்மா" என்றாள் டாக்டர். தூக்கினேன். அந்த மை பதினோரு நாள் போகாது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, என் முத்திரையும் வேணும். அதுக்கு எட்டு நாள் ஆகும்" என்றாள். நல்ல பெண். கை நடுங்காமல் எடுத்தாள். அவளைச் சந்தைக்கு எடுத்தால் நன்றாகத் தேறுவாள்.

வியாழக்கிழமை முடிவு சொல்வார்கள். நான் தனியாகப் போய் வாங்கிக்கொள்வேன். எனக்குப் பயம் இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது, பசி எடுக்கிறது. ஆகவே நீங்கள் பனியில் மலை ஏறி வர வேண்டாம். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட ஏற்கெனவே இங்கே ஆள் அதிகம்.

உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், முழங்கால் வலி மலைக்கு அந்தப் பக்கம் போகட்டும், உங்கள் மகளின் ஃபோன் ஸ்பீக்கர் கெட்டுப்போகட்டும்.

உங்களுக்குக் கீழ்ப்படிந்த
அனார்கான்

பின்குறிப்பு: டிரைவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான், அதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். எலும்பு தட்டோடு திரும்பிப் போனது என்று எழுதினேன் அல்லவா? நான் வேண்டாம் என்றதைச் சாகின்பூபு அக்காவும் தொடவில்லை, யாருமே தொடவில்லை. கிளம்பும்போது மிச்சக் கறியோடு பையில் கட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். உப்பு போட்டு ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன். இன்னொன்று: நான்கு வாரத்துக்கு முன்னால் டோகோனின் ஆட்டைக் கீறும்போது இடது பெருவிரலைக் கீறிக்கொண்டேன். சீழ் பிடித்துத்தான் ஆறியது. வெளியே தெரிந்தால் அவன் சந்தை முழுக்கச் சிரிப்பான் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று காலை டாக்டருக்கு ஃபோன் செய்து ஒப்புக்கொண்டேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று நன்றாகத் திட்டினாள்; பதினைந்து நாளில் நான் கேட்ட முதல் நல்ல திட்டு. வீக்கம் அதனால் இருக்கலாமாம், இல்லாமலும் இருக்கலாமாம், வியாழக்கிழமைதான் தெரியுமாம். தூக்கம் வருகிறது என்று எழுதியதும் பொய். இந்த டிரைவர் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கிருந்து திரும்புகிறான், முன் சீட்டை உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடுங்கள் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த எலும்பை நான் சூடாக்கி வைக்கிறேன். நீங்கள் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும்.