பல்செட்டுக்காரர் பூஜ்ஜியம் கொண்ட படலம்

வாழ்க! பல்லற்றோர்க்குப் பல் ஈந்த பெருந்தகை வாழ்க! மாவுக்கல் குழைத்த கையினர், மறந்தும் கடன் வையா நெறியினர், மாதத்திற்கு ஒருமுறை கட்டினால் போதும் என்று வங்கியே மனமிரங்கிச் சொன்ன கடனட்டைப் பாக்கியை மாதத்திற்குப் பதினான்கு முறை கட்டி, வாங்கியவர் நிம்மதியாய் இருக்கக் கொடுத்தவரைக் குழம்ப வைத்த கோமான், நாற்பத்தேழு அகவை நிரம்பிய நம் பல்செட்டுக்காரர் நீடு வாழ்க! ஆறிலக்க மந்திரமாய் அலைபேசியில் தோன்றி, எண்ணி முடிப்பதற்குள் காலாவதியாகும் ஓடிபி என்னும் தெய்வமே, இக்கதை முடியும்வரை சிக்னல் அறாமல் காத்தருள்வாய். சொல்லப்போவது பெரும்போர், நடந்ததென்னவோ ஒரே நாளில்தான்.

போர் என்றால் காரணம் வேண்டும். மண்ணுக்காக மூண்ட போர்கள் உண்டு, பெண்ணுக்காக மூண்ட போர்கள் உண்டு. இப்போர் ஒரு தாழ்ப்பாளுக்காக மூண்டது. பல்செட்டுக்காரரும் அவர் மனைவியும் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருந்த வாடகை வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே குளியலறை. எதிர்ப்பக்கத்துக் குடித்தனக்காரராகிய பஸ் டிரைவர், விடியுமுன் அக்கோட்டையினுள் புகுந்து கதவடைத்தாரென்றால், நீர்முழக்கமும் பாட்டுமுழக்கமும் ஒன்றோடொன்று மோத, முக்கால் மணி நேரம் முற்றுகையிட்டாலும் வெளிவரமாட்டார். வெளியே வாளியேந்திய கையளாய், தோளில் துண்டணிந்த கோலத்தளாய் நின்றிருப்பாள் பல்செட்டுக்காரரின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்கள் ஏழு மணிக்கே முறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். பதினொரு ஆண்டுகளில் ஒருநாள்கூட அவள் அவசரப்படாமல் குளித்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் விலைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்த்தாள். இரண்டே அறை, கைக்குட்டையளவு பால்கனி. ஆனால் உள்ளேயே ஒரு குளியலறை, அதன் கதவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். தரகர் சமையலறையின் சிறப்பை விரித்துரைத்துக் கொண்டிருக்க, அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். மூன்றாம் முறை போட்டவள் கொஞ்ச நேரம் வெளியே வரவேயில்லை. பல்செட்டுக்காரர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றபடியே வீட்டை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்தால் ஆயிற்றா? வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கியில் ஓர் அதிகாரி அம்மாள் வீற்றிருந்தார்.

“கடன் குடுக்கலாம் சார். ஆனா கிரெடிட் ஸ்கோர் எழுநூத்தம்பது வேணும். உங்களுக்கு எழுநூத்து நாப்பத்தாறுதான் இருக்கு.”

“நாலுதானே மேடம் குறையுது?”

“கம்ப்யூட்டருக்கு நாலும் ஒண்ணுதான், நானூறும் ஒண்ணுதான். கார்டு பாக்கியைக் கம்மியா வச்சுக்கோங்க, ஏறிடும். தவணை எதையும் மட்டும் விட்டுடாதீங்க. கணக்குல பணமில்லாம ஒண்ணு திரும்பினாக்கூட முப்பது, நாப்பது புள்ளி இறங்கிடும்.”

நான்கு புள்ளி! நால்வகைப் படையையும் வென்றுவிடலாம், நான்கு புள்ளியை வெல்வது எங்ஙனம் என்று நம் வீரர் நெஞ்சம் கலங்கி நின்ற வேளையில், உள்ளங்கை அகலத் திரையில் தோன்றினார் ஒரு ஞானாசிரியர். காணொளிதோறும் கையை ஆட்டி ஆட்டிக் காசின் சூட்சுமங்களைப் போதிக்கும் அவர், பில் போடும் தேதியன்று என்ன பாக்கி இருக்கிறதோ அதுவே ஸ்கோருக்குப் போகும் என்றும், ஆகவே அதற்கு முன்பே கட்டிவிடுவது உத்தமம் என்றும், மாதத்திற்கு இரண்டு முறை கட்டினால் இன்னும் நல்லதென்றும் திருவாய் மலர்ந்தார். இரண்டு முறை நல்லதென்றால் பதினான்கு முறை எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டார் நம் வீரர். ஆசானை மிஞ்சிய சீடர்கள் எல்லோரும் இப்படித்தான் கெட்டார்கள்.

அன்று தொட்டு, அட்டையை உரசிய மறுகணமே அலைபேசியை எடுத்து அதே தொகையைத் திருப்பிக் கட்டுவது அவர் விரதமாயிற்று. பல் பட்டறையில் அவரோடு வேலை செய்யும் மெழுகு அக்கா (மெழுகில் ஈறு செதுக்குவதில் அவரை வெல்ல ஆளில்லை என்பதால் வந்த பெயர்) ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

“அண்ணே, அதுக்கு நேரா காசையே குடுத்துட்டுப் போயிடலாமே? கார்டு எதுக்கு?”

“கார்டை உபயோகிக்கணும்மா. ஆனா உபயோகிச்ச மாதிரி தெரியக் கூடாது.”

“நல்லா இருக்கு நியாயம். பில் வந்தப்புறமே நான் கட்டறதில்ல, நீங்க அது வர்றதுக்கு முன்னாடியே கட்டறீங்க.”

இங்கே அந்தப் பட்டறையின் குலதர்மம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாயில் அளவெடுத்த அச்சு வந்ததும் அதில் மாவுக்கல்லை, அதாவது நீரில் குழைத்தால் கல்லாய் இறுகும் வெள்ளை மாவை, ஊற்றிப் பல்வரிசையின் வார்ப்பு எடுப்பார்கள். எப்போதும் இரண்டு வார்ப்பு. ஒன்று வேலைக்கு, ஒன்று காப்புக்கு; முதலாவது உடைந்தால் பல் கட்ட வந்த கிழவரை மறுபடி கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். இருபத்தாறு ஆண்டுகளாக எதையும் இரண்டாக வார்த்தே பழகிய கை அவருடையது. வீட்டுக் கதவைக்கூடப் பூட்டிவிட்டு ஒருமுறை திறந்து மறுபடி பூட்டுவார்.

வந்தது பதினெட்டாம் தேதி! அன்று மாலை ஆறு மணிக்குப் பில் போடப்படும் என்று வாடிக்கையாளர் சேவைப் பெண் ஒருத்தி தொலைபேசியில் வரமளித்திருந்தாள். அந்த ஆறு மணியில் பாக்கி பூஜ்ஜியமாய் நிற்க வேண்டும். ஒன்றுமில்லாததைப் பெறுவதற்காக ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டது துறவிகள் வரலாற்றிலும் அரிது.

போருக்குப் புறப்படும் காலையில் சேமிப்புக் கணக்கு என்னும் அவர் பாசறையில் முப்பத்தோராயிரத்து நானூறு வீரர்கள் அணிவகுத்து நின்றனர். முந்தின இரவு சர்வர் உறங்கிப்போனதால் கட்ட முடியாமல் அட்டையில் நின்ற பகை பதினோராயிரத்து அறுநூற்றைம்பது. கட்டைவிரலை உயர்த்தி அலைபேசியின் நெற்றியில் அழுத்தினார் வீரர். அதுவோ யார் நீ என்றது. கால் நூற்றாண்டாய்ப் பல்லுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் தேய்ந்து தேய்ந்து ரேகையழிந்த விரல் அது! ஊரார் வாய்களையெல்லாம் அடையாளம் காணும் கலைஞனை அவர் கைப்பேசியே அடையாளம் காணாத கொடுமையை என்னென்பது! ரகசிய எண்ணை ஒவ்வொன்றாகக் குத்தி, ஓடிபியை வாய்விட்டு ஓதி, பதினோராயிரத்து அறுநூற்றைம்பதையும் ஒரே வீச்சில் வீழ்த்தினார். வாளியை வைத்துவிட்டு ஈரத் தலையோடு ஓடிவந்த மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, நாளைக்குக் காலையில ஃபிரிட்ஜ் தவணை எடுப்பாங்க. நாலாயிரத்து எரநூறு. கணக்குல இருக்கட்டும்.”

“அது எங்க போகப் போவுது. நீ கெளம்பு.”

பட்டறையில் முதல் அச்சில் கை வைத்ததும் அலைபேசி அதிர்ந்தது. எண்ணூற்று அறுபது! பகைவன் எங்கிருந்து வந்தான் என்று பார்த்தால், மனைவியிடம் இருக்கும் கூடுதல் அட்டை. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கியிருக்கிறாள். வலியை அவள் பொறுத்தாலும் பாக்கியை இவர் பொறுப்பாரா? மாவுக்கல் அப்பிய விரலாலேயே கட்டித் தீர்த்தார். மதியம் வண்டிக்குப் பெட்ரோல் போட்டார், ஐந்நூறு. பம்ப்பின் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற வாகனங்கள் யானைப்படைபோல் பிளிற, “ஓரமா நின்னு போன் பாரு சார்!” என்று ஒரு குரல் கூவ, மலையென அசையாது நின்று அதையும் கட்டினார். மூன்று போர், மூன்று வெற்றி. மாலை ஐந்து மணிக்கு அட்டை பளிங்குபோல் பூஜ்ஜியம் காட்டியது.

ஐயகோ! ஐந்து இருபதுக்கு மறுபடி அதிர்ந்தது அலைபேசி. ஒன்பதாயிரம்!

வீட்டுப் பத்திரங்களைப் பார்க்கச் சொல்லியிருந்த வக்கீலின் கட்டணம் அது. வேலை முடிந்து போகிற வழியில், நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று மனைவி அட்டையை நீட்டிவிட்டாள். எந்த வீட்டுக்காக இந்தப் போரோ, அந்த வீடே எதிரணியில் வாளோங்கி நின்றது. நாற்பது நிமிடம்! பாதி கடித்த பிஸ்கட்டை மேசையில் எறிந்தார். யாரோ ஒரு முதியவரின் மேல்வரிசைப் பற்கள் சிரித்தபடி பார்த்திருக்க, ரேகையற்ற விரலை உதறிவிட்டு, ரகசிய எண் என்னும் நெடுவேலைத் தூக்கினார். ஒருமுறை தவறு என்றது. மறுமுறை ஓடிபி வரவில்லை. ஜன்னலோரம் ஓடினார், கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆகாயத்திடம் சிக்னல் யாசித்தார், வந்தது ஓடிபி, அடித்தார், அனுப்பினார். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு “பணம் செலுத்துதல் நிலுவையில் உள்ளது” என்று ஒரு வாசகம் எழுந்து நின்றது.

போனதா, போகவில்லையா? உடைந்ததா, உடையவில்லையா? மணி ஐந்து ஐம்பது. தன் வாழ்நாளிலேயே இவ்வளவு பயந்ததில்லை பல்செட்டுக்காரர். நாலு புள்ளி என்னும் அடைத்த கதவுக்கு முன்னால் மனைவி வாளியோடு நிற்பது கண்ணில் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன் அண்ணே,” என்றார் மெழுகு அக்கா.

அப்போதுதான் நம் வீரர் எழுந்து நின்று, மாவுக்கல் தூசி மேனியெங்கும் வெண்ணீறெனத் துலங்க, பட்டறை அதிர முழங்கினார்: “கேளீர், மெழுகின் அரசியே! கேளீர், பல்வரிசைகளே! ஒன்று வேலைக்கு, ஒன்று காப்புக்கு! இதுவே நம் குலதர்மம்!” முழங்கியவர் இன்னொரு ஒன்பதாயிரத்தை வார்த்தார். அது அம்பெனப் பாய்ந்தது. பின்னாலேயே, வழியில் எங்கோ இளைப்பாறிக் கொண்டிருந்த முதல் ஒன்பதாயிரமும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

மணி ஆறு. அட்டைக் கணக்கைத் திறந்தார். அங்கே பூஜ்ஜியம் இல்லை. பூஜ்ஜியத்தையும் தாண்டி, கழித்தல் குறியைக் கிரீடமெனச் சூடி, ஒன்பதாயிரம் வீற்றிருந்தது. வங்கி அவருக்குக் கடன்பட்டிருந்தது! உலகுக்கெல்லாம் வட்டி போடும் வங்கி, ஒரு பல்செட்டுக்காரருக்கு! திசைகள் அதிர்ந்தன என்று சொல்லலாம். உண்மையில் அதிர்ந்தது பட்டறையின் மெருகுச் சக்கரம், அணைக்க மறந்துவிட்டார். பாசறையில் எஞ்சி நின்ற வீரர்கள் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் மட்டுமே என்பதை அவர் பார்க்கவில்லை. வென்றவன் எங்கே திரும்பிப் பார்க்கிறான்?

வீடு சேர்ந்ததும் வாசலிலேயே நின்று வெற்றியை அறிவித்தார். மனைவி முழங்காலில் தைலம் தேய்த்தபடி முழுக்கதையையும் கேட்டாள், பெட்ரோல் பம்ப்பில் அவர் அசையாமல் நின்ற கட்டம் வந்தபோது சிரித்தாள்.

“அப்ப நாலு ஏறிடுமா?”

“நாலென்ன, பத்தே ஏறும்.”

அவள் தைலக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடணுங்க, கொஞ்சம் இறுக்கமா இருக்கு,” என்றாள். பல்செட்டுக்காரர் பதினான்கு முறையும் இந்த ஒரு பேச்சுக்காகத்தானே கட்டினார்!

விடிந்தது வெற்றியின் மறுநாள். இனி எத்தனை நாளைக்கு இந்த முற்றுகை என்னும் இறுமாப்போடு, மனைவியைக் கொஞ்சம் கூடுதலாய்த் தூங்கவிட்டு, அவளுக்காக வாளியைத் தாமே ஏந்தி, பூஜ்ஜியத்தை வென்ற புயவலியர், வங்கியைக் கடனாளியாக்கிய வான்புகழ் வள்ளல், கோட்டை வாசலில் கொற்றவனென நிமிர்ந்து நின்றார். உள்ளே பஸ் டிரைவரின் பாட்டு இரண்டாம் சரணத்தை எட்டியிருந்தது. சட்டைப்பையில் அலைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

கணக்கில் போதிய பணம் இல்லாததால் ஃபிரிட்ஜ் தவணை திரும்பிவிட்டது என்று மெசேஜ் வந்திருந்தது.