கருகல் கமிட்டி

நாகரிகம் எத்தனையோ வீடுகளில் எட்டிப் பார்த்திருக்கலாம். நாற்காலி போட்டு உட்கார்ந்தது எங்கள் வீட்டில்தான். மற்ற வீடுகளில் விடுமுறை விருந்துக்கு என்ன செய்யலாம் என்பதை அடுப்படியில் நின்றபடியே பேசி முடித்துவிடுகிறார்கள். பாவம், அவர்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கென்றே 'விருந்து ஆலோசனைக் கமிட்டி' இருக்கிறது.

தலைவர், அப்பா. அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு கிடைத்தது அலுவலகத்துக்குத்தான் என்று சொல்வாரும் உண்டு. 'தொழில்நுட்ப ஆலோசகர்', அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர். சுவரில் வரைபடம் காட்டாமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். செயலாளர், அடியேன். சமைக்கிறவர்களையும் நாங்கள் விட்டுவிடவில்லை. அம்மாவும் அண்ணியும் 'சிறப்பு அழைப்பாளர்கள்'. அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது; தேநீர் கொண்டுவரும் உரிமை முழுமையாக உண்டு.

எங்கள் குலப்பெருமை, கருகிய பூசணிக்காய். அடி தீய்ந்து, பாத்திரத்தோடு உறவு கொண்டாடி, எந்த விருந்திலும் நடுநாயகமாக வீற்றிருக்கும். கரண்டியால் சுரண்டும்போது கரகரவென்று ஒரு ஓசை வரும். அதைக் கேட்டாலே அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். வாயில் வைக்க வழங்காது என்பது வேறு விஷயம். பாரம்பரியத்தை யாராவது ருசிக்காகச் சாப்பிடுவார்களா?

இந்த வருஷம் சோதனை அண்ணி வடிவில் வந்தது. கல்யாணமாகி வந்தபின் அவருக்கு இதுதான் முதல் விருந்து. பாலில் வேகவைத்து மிளகு தூவிய உருளைக்கிழங்கை மேசையில் ஓர் ஓரமாக வைக்க அனுமதி கேட்டார்.

"எங்க வீட்டுல விருந்துன்னா அதான் மாமா. அது ஒண்ணு மேசையில இருந்தா, நானும் இந்த வீட்டு ஆள்தான்னு தோணும்."

இவ்வளவு பெரிய விஷயத்தைச் சும்மா தலையாட்டி முடித்துவிட முடியுமா? விருந்தன்று காலை அவசரக் கூட்டம் கூடியது. அண்ணி உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். வாசனை மூக்கைத் துளைத்தது. கமிட்டி எச்சிலை விழுங்கிக்கொண்டு கடமையில் இறங்கியது.

"இந்த உருளைக்கிழங்குக்கு நம்ம குடும்பத்துல முன்னுதாரணம் ஏதாவது உண்டா?" என்று தொடங்கினார் அப்பா.

அண்ணன் சுவரில் வரைபடத்தைக் காட்டினார். அதில் பூசணிக்காயின் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. எதிலிருந்து எதற்கு ஏறுகிறது என்று கேட்கும் அநாகரிகம் எங்களிடம் இல்லை.

"நான் உருளைக்கிழங்குக்கு எதிரி இல்லப்பா. ஆனா ஒரு துணைக் கமிட்டி போட்டுப் பாக்கறது நல்லது."

"நேத்து செஞ்சு பாத்தப்ப ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே," என்றார் அண்ணி.

"அது புருஷனா சாப்பிட்டது. இங்க நான் ஆலோசகர்."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, தீயக் கொஞ்சம் கொறச்சுட்டு வந்துடறேன்."

"உக்காரும்மா. உன் விஷயத்தத்தான பேசிட்டிருக்கோம்? நீயே எழுந்து போனா எப்படி?"

கூட்டம் நடக்கையில் யாரும் எழக்கூடாது என்பது விதி. எழ வேண்டுமானால் தீர்மானம் வேண்டும். தீர்மானம் கொண்டுவர வாக்குரிமை வேண்டும். இதை நான் அண்ணிக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவசரமாகப் பேனா மூடியைத் தேடினேன்.

'ஓரம்' என்றால் மேசையின் எந்த ஓரம் என்று விவாதம் சூடுபிடித்தபோது, அப்பா பேச்சை நிறுத்தி மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா. பூசணிக்கா வாசன வந்துடுச்சு."

"பூசணிக்கா இன்னும் நறுக்கவே இல்ல," என்றார் அம்மா.

அண்ணி விதியை மீறி ஓடினார். திரும்பி வந்தபோது கையில் பாத்திரம் இருந்தது. பால் வெள்ளையாக இருக்க வேண்டியது, அடுப்புக் கரியாக இருந்தது. அப்பா கரண்டியை வாங்கிச் சுரண்டினார். கரகர. அவர் கண் கலங்கியது.

"இத்தன நேரம் எதுக்கு வாதாடினோம்? இது நம்ம வீட்டுப் பண்டமேதான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உருளைக்கிழங்குக்கு ஓரம் என்ன, மேசையின் நடுவிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. அண்ணன் கைதட்டினார். அண்ணி அழுதார். 'ஆனந்தக் கண்ணீர்' என்று பதிவு செய்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி கேட்டார்: "அத்த, மொத மொதல்ல பூசணிக்கா எப்படிக் கருகுச்சு?"

"நல்லாத்தான் செஞ்சுட்டிருந்தேன். ஒரு நிமிஷம் வந்து உக்காருன்னு இவர் கூட்டத்துக்குக் கூப்பிட்டாரு. அன்னையிலேருந்து ஒவ்வொரு விருந்துக்கும் இதே கததான். இத்தன வருஷமா சொல்லலாம்னுதான் பாக்கறேன். எனக்குப் பேச நேரம் ஒதுக்கினாத்தான?"

கமிட்டி நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவின் பேச்சு அதில் இல்லை என்பதால் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் செயலாளர் என்ற முறையில் ஒரு வரலாற்று உண்மையை நான் மறைக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றுவரை ஒரு பண்டத்தையும் கருக்கியதில்லை. அந்தப் பாரம்பரியம், அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாத ஆண்களாகிய நாங்கள், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே கட்டிக்காத்தது.